கருவறை விமானம் சின்னது, வாசல் கோபுரம் பெரியது... ஏன்? காஞ்சிபுரம் சொல்லும் 800 வருடக் கதை!

கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நம் தலை தானாக நிமிரும். ராஜகோபுரத்தைப் பார்ப்போம், கன்னத்தில் போட்டுக்கொள்வோம். `கோபுர தரிசனம் கோடி புண்ணியம்' என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னது நினைவுக்கு வரும். சரி, அதே கோயிலில் சாமி இருக்கும் கருவறைக்கு மேலே ஒன்று இருக்குமே, அது எவ்வளவு உயரம்? எத்தனை அடுக்கு? பெரும்பாலானவர்களுக்குப் பதில் தெரியாது. காரணம், பல பெரிய கோயில்களில் அது மண்டபங்களுக்கு நடுவே மறைந்திருக்கும். தேடிப் பார்த்தால்தான் கண்ணில் படும்.

வாசலில் நிற்பது கோபுரம். கருவறையின் தலைக்கு மேல் இருப்பது விமானம். பேச்சுவழக்கில் இரண்டையுமே `கோபுரம்' என்றுதான் சொல்கிறோம். ஆனால், இரண்டும் வேறு வேறு. சாமி தலைக்கு மேல் இருப்பது சின்னதாகவும், நாம் நுழையும் வாசலில் இருப்பது வானத்தைத் தொடுவதாகவும் இருப்பது ஏன்? முறைப்படி தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. அது எப்போது, எப்படி மாறியது என்பதைக் காஞ்சிபுரத்தில் ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஏனாத்தூரில் படிக்கும் கல்லூரி மாணவர்கள் என்றால் வகுப்பு முடிந்து ஒரு பஸ் பிடித்தால் போதும். பார்க்க வேண்டியவை இரண்டே கோயில்கள். ஒன்று, கயிலாசநாதர். இன்னொன்று, ஏகாம்பரநாதர். இரண்டுக்கும் இடையே நடந்தே போகலாம். ஆனால், இரண்டுக்கும் நடுவே இருப்பது 800 வருட இடைவெளி.

செங்கல், மரம் இல்லாத கோயில்!

முதலில் கொஞ்சம் பின்னால் போவோம். பல்லவர் காலத்துக்கு முன்பு தமிழ்நாட்டில் கோயில்கள் செங்கல், மரம், சுண்ணாம்பு ஆகியவற்றால் கட்டப்பட்டன. மழையும் கரையானும் அவற்றை விட்டு வைக்கவில்லை. 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் விழுப்புரம் பக்கம் உள்ள மண்டகப்பட்டில் ஒரு பாறையைக் குடைந்து கோயில் எடுத்தார். அங்கே ஒரு கல்வெட்டும் வைத்தார். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் இந்தக் கோயிலைச் செய்தேன் என்பது அதன் சாரம். படித்தால், புதிதாக ஒன்றைச் செய்து காட்டியவரின் பெருமிதம் நன்றாகவே தெரியும்.

குடைவது ஒரு கட்டம். கல்லை வெட்டி எடுத்து வந்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டுவது அடுத்த கட்டம். அந்தக் கட்டத்தின் உச்சம்தான் காஞ்சி கயிலாசநாதர் கோயில். கட்டியவர் ராஜசிம்மன் என்று அழைக்கப்பட்ட இரண்டாம் நரசிம்மவர்மன். காலம், 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலும் இவர் கட்டியதுதான்.

பிள்ளையார்பாளையத்தின் நெசவாளர் தெருக்களைத் தாண்டிப் போனால், புல்வெளிக்கு நடுவே கயிலாசநாதர் தெரிவார். இங்கே வாசலில் பெரிய கோபுரம் எதையும் தேடாதீர்கள். முன்னால் வரிசையாகச் சின்னச் சின்ன சந்நிதிகள். அவற்றில் ஒன்றை ரங்கபதாகை என்ற அரசி எடுத்ததாகக் கல்வெட்டே சொல்கிறது. அதைத் தாண்டினால், ராஜசிம்மனின் மகன் மூன்றாம் மகேந்திரவர்மன் எடுத்த சந்நிதி. அதற்கும் உள்ளே போனால்தான் பெரிய விமானம் கம்பீரமாக நிற்கிறது. கருவறையின் மேல் அடுக்கடுக்காகக் குறுகி ஏறி, உச்சியில் எட்டுப் பட்டைச் சிகரத்தில் முடிகிறது. சுற்று மதிலை ஒட்டி 58 சிறு சந்நிதிகள். அவை எல்லாமே நடுவில் நிற்கும் விமானத்துக்குக் கைகட்டி நிற்பதுபோல இருக்கும்.

இந்தக் கோயிலின் கணக்கு எளிமையானது. எங்கே சாமியோ, அங்கே உயரம்.

பெரிய புராணத்தில் வரும் பூசலார் நாயனார் கதை தெரிந்திருக்கும். திருநின்றவூரில் கையில் காசில்லாமல் மனசுக்குள்ளேயே கோயில் கட்டியவர். அவர் குறித்த அதே நாளில்தான் காஞ்சியில் பல்லவ மன்னரும் தன் கற்கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்திருந்தார். `நாளை நான் பூசலார் கோயிலுக்குப் போகிறேன், உன் விழாவைத் தள்ளி வை' என்று மன்னரின் கனவில் இறைவன் சொன்னதாகக் கதை. அந்தக் கற்கோயில் இந்தக் கயிலாசநாதர்தான் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது.

ஜெயிக்க வந்தவரும் மயங்கினார்

பல்லவர்களுக்கும் சாளுக்கியர்களுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பகை. சாளுக்கிய மன்னர் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தார். பிடித்தவர் கயிலாசநாதர் கோயிலின் செல்வத்தை எடுத்துப் போகவில்லை, கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தார். இதைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டு இன்றும் இந்தக் கோயில் தூணில் இருக்கிறது. எதிரி ஊருக்கு வந்து, எதிரி கட்டிய கோயிலில், தன் மொழியில் எழுதி வைத்துவிட்டுப் போன மரியாதை அது.

கதை அங்கேயே முடியவில்லை. அவருடைய அரசி லோகமகாதேவி, இந்த வெற்றியைக் கொண்டாட கர்நாடகத்தின் பட்டடக்கல்லில் விருபாட்சர் கோயிலை எடுத்தார். அதன் அமைப்பில் காஞ்சியின் சாயல் அப்படியே தெரியும். விருபாட்சர் கோயிலின் சாயலை மகாராஷ்டிராவின் எல்லோராவில், ராஷ்டிரகூட மன்னர் முதலாம் கிருஷ்ணன் காலத்தில் மலையைக் குடைந்து எடுத்த கயிலாசநாதர் கோயிலில் பார்க்கலாம். இன்று உலகமே போய் செல்ஃபி எடுக்கும் எல்லோராவுக்கு, ஒருவகையில் காஞ்சி பாட்டி முறை!

சோழர்கள் வந்த பிறகும் இந்தக் கோயிலின் பெயர் குறையவில்லை. அவர்கள் காலக் கல்வெட்டு இதைக் `கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி' என்று சொல்கிறது. கற்றளி என்றால் கல்லால் கட்டிய கோயில். பிறகு முதலாம் ராஜராஜன் தஞ்சையில் அதைவிடப் பல மடங்கு பெரிய கற்றளியை எடுத்தார். 1010-ல் அதன் விமானத்தில் கலசம் ஏறியது. சுமார் 200 அடி உயரம், உச்சி வரை கல். தஞ்சைப் பெரிய கோயிலில் நீங்கள் நுழையும் இரண்டு கோபுர வாசல்களும் பெரியவைதான். ஆனால், இரண்டுமே உள்ளே இருக்கும் விமானத்தைவிடக் குள்ளம். 1010 வரை பழைய கணக்கு மாறவில்லை. எங்கே சாமியோ, அங்கே உயரம்.

வாசல் வளர்ந்தது எப்படி?

மாற்றம் அடுத்த சில தலைமுறைகளில் வந்தது. சிதம்பரத்தில் 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் ஏழு நிலைக் கோபுரங்கள் எழத் தொடங்கின. உள்ளே நடராஜரின் சபை அளவாக, அழகாக இருக்க, வாசல்கள் அதைவிடப் பல மடங்கு உயர்ந்தன. அதன்பிறகு திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஏன் இப்படி ஆனது? முதல் காரணம், கருவறையைத் தொடுவது லேசான விஷயம் இல்லை. விமானத்தைப் பிரித்துப் பெரிதாகக் கட்ட வேண்டும் என்றால், சாமியை வேறு இடத்தில் எழுந்தருளச் செய்து, பழையதைக் கலைக்க வேண்டும். பாடல் பெற்ற தலம், பாட்டன் காலத்துக் கருவறை என்னும்போது யாருக்கும் கை வராது. அதனால் புதிதாக எதைச் சேர்ப்பது என்றாலும் வெளிப்பக்கம்தான் சேர்த்தார்கள். ஒரு பிராகாரம், அதைச் சுற்றி இன்னொரு பிராகாரம், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல்.

இரண்டாவது காரணம், கோயில் ஓர் ஊராகவே மாறியது. திருவிழா, உற்சவர் ஊர்வலம், மாட வீதி, மண்டபம், குளம், கடைகள் என்று கோயிலைச் சுற்றி வாழ்க்கை பெருகியது. ஊர் பெருகப் பெருக, தூரத்திலிருந்து வருபவர்களுக்கு `இதோ கோயில்' என்று காட்ட ஓர் அடையாளம் தேவைப்பட்டது.

மூன்றாவது காரணம், அரசியல். விஜயநகரப் பேரரசர்கள் ஹம்பியிலிருந்து ஆண்டவர்கள். தமிழ் ஊர்களில் தங்கள் பக்தியையும் பலத்தையும் காட்ட, பழைய கருவறையைத் தொடாமல், எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் ஒன்றைக் கட்ட வேண்டும். அதற்கு வாசலைவிடப் பொருத்தமான இடம் ஏது? இப்படி எழுந்த பிரமாண்ட கோபுரங்களுக்குப் பல ஊர்களில் `ராயகோபுரம்' என்றே பெயர்.

ஏகாம்பரநாதர் கோயிலின் தெற்கு ராஜகோபுரம் அப்படி எழுந்ததுதான். ஆண்டு 1509. கிருஷ்ணதேவராயர் ஆட்சிக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். உயரம் சுமார் 190 அடி. இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. மூலவர் கிழக்கு பார்த்து இருக்கிறார். ஆனால், ராஜகோபுரம் தெற்கே நிற்கிறது. சாமி பார்க்கும் திசையைவிட, ஊர் வரும் திசைதான் இதன் உயரத்தைத் தீர்மானித்ததுபோல இருக்கிறது! கயிலாசநாதரில் உயரம் சாமியின் தலைக்கு மேல் இருந்தது. 800 வருடத்தில் அது நம் தலைக்கு மேல் வந்துவிட்டது.

உள்ளே என்ன இருக்கிறது?

தூரத்திலிருந்து பார்த்தால் ராஜகோபுரம் முழுவதும் ஒரே கல் மலைபோல் தெரியும். பக்கத்தில் போனால் உண்மை தெரியும். கீழ்ப்பகுதி மட்டும்தான் கருங்கல். வாசல் நிலை, அதன் இருபக்கச் சுவர், தூண் வேலைப்பாடு எல்லாம் கல்லில் இருக்கும். அதற்கு மேலே ஏறும் நிலைகள் எல்லாம் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். அதன்மேல் சுதையால் செய்த பொம்மைகள். தஞ்சை விமானம்போல உச்சி வரை கல்லால் அடுக்கினால் செலவும் எடையும் தாங்காது. அதனால் கனமானது கீழே, லேசானது மேலே. ஒவ்வொரு நிலையும் கீழே உள்ளதைவிடக் கொஞ்சம் சிறியது. உள்ளே கூடாக இருக்கும், ஏறுவதற்குப் படிகள் இருக்கும். ஒவ்வொரு நிலையின் நடுவிலும் ஒரு திறப்பு இருக்கும், காற்றும் வெளிச்சமும் அதன் வழியே போய்வரும். உச்சியில் கூண்டு வண்டியின் கூரைபோல நீளமாக ஒரு சாலை வடிவம், அதன் முதுகில் வரிசையாகக் கலசங்கள்.

காஞ்சிப் பட்டின் உடல்பகுதியும் கரையும் சேரும் இடத்தில், வரிசையாக ஏறி இறங்கும் முக்கோணங்களைப் பார்த்திருப்பீர்கள். ஜவுளிக் கடையில் அதை `டெம்பிள் பார்டர்' என்பார்கள். தறியில் அது ரேக்கு. கீழே அகலம், மேலே கூர்மை. கோபுரத்தைத் தாங்கி நிற்பதும் அதே வடிவம்தான்.

இந்த இடத்தில் உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றும் ஒரு ஃபார்வர்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். `கோபுரக் கலசம்தான் ஊருக்கே இடிதாங்கி' என்று வருமே, அதுதான். இடிதாங்கி வேலை செய்ய, உச்சியிலிருந்து மண்ணுக்குள் வரை அறுபடாத உலோகக் கம்பி வேண்டும். கம்பி இல்லாமல் கலசம் மட்டும் இருந்தால், மின்னல் கலசத்தில் இறங்கி, அடுத்து செங்கல்லுக்குள்தான் பாயும். அதனால்தான் இப்போது உயரமான கோபுரங்களில் தனியாக இடிதாங்கி பொருத்துகிறார்கள். நம் முன்னோர்களின் திறமைக்குச் சான்று வேண்டும் என்றால், 500 வருடமாக நிற்கும் அந்தச் செங்கல் கட்டுமானமே போதும். இல்லாததைச் சேர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

உயரத்துக்கு ஒரு விலை உண்டு

கயிலாசநாதரைக் கட்டி 1,300 வருடம் ஆகிவிட்டது. அடித்தளம் கருங்கல் என்றாலும் மேலே உள்ளது மணற்கல். காற்றும் மழையும் அதைக் கரைக்கின்றன. பல சிற்பங்களின் முகம் மழுங்கிவிட்டது. முன்பு செய்த பழுதுபார்ப்பில் பூசிய காரை வேறு பல இடங்களில் மேலே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பூச்சுக்கு அடியில் பல்லவர் கால ஓவியங்கள் ஒளிந்திருந்ததை 1931-ல் பிரெஞ்சு ஆய்வாளர் ழூவோ துப்ரேய் கண்டறிந்தார். இன்றும் மதில் சந்நிதிகளின் உள்ளே உற்றுப் பார்த்தால் சிவப்பு, மஞ்சள் கோடுகள் தெரியும். கல் கரைந்தாலும் கட்டடம் நிற்கிறது.

செங்கல் கோபுரங்களின் நிலைமை வேறு. கிருஷ்ணதேவராயர் காஞ்சிக்குப் பிறகு 1516-ல் காளஹஸ்தியில் ஒரு கோபுரம் எடுத்தார். அதில் விரிசல்கள் விழுந்து, பெரிதாகிக்கொண்டே போயின. 2010 மே 26 இரவு அது முழுவதுமாகச் சரிந்து விழுந்தது. ஆபத்தை உணர்ந்து முன்கூட்டியே ஆட்களை அப்புறப்படுத்தியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. அந்த வீடியோவை அப்போது டி.வி-யில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஐந்து நூற்றாண்டு நின்றது, தூசிப் புகையாக மாறச் சில நொடிகள்தான் ஆனது. அதே இடத்தில் புதிய கோபுரம் கட்டி 2017-ல் குடமுழுக்கு நடந்தது. 2023 ஆகஸ்ட்டில் ஸ்ரீரங்கத்தின் கிழக்கு வாசல் கோபுரம் ஒன்றில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அது ஆள் நடமாட்டம் இல்லாத நள்ளிரவு நேரம்.

இது நம் ஊர்ப் பிரச்னை மட்டும் இல்லை. இங்கிலாந்தில் செஸ்டர்ஃபீல்ட் என்று ஓர் ஊர். அங்கே 14-ஆம் நூற்றாண்டுத் தேவாலயத்தின் கூர்கோபுரம் 228 அடி உயரம். அது முறுக்கிப் பிழிந்த துணிபோலத் திருகி, ஒன்பது அடிக்கு மேல் சாய்ந்து நிற்கிறது. சாத்தான் வந்து உட்கார்ந்ததால் வளைந்தது என்று அந்த ஊர் மக்கள் கதை சொல்வார்கள். உண்மைக் காரணமாகச் சொல்லப்படுவது வேறு. காயாத பச்சை மரத்தில் சட்டம் செய்தார்கள், அதன்மேல் கனமான ஈயத் தகடு போர்த்தினார்கள். மரம் காயக் காய, தகடு வெயிலில் சூடாகச் சூடாக, மொத்தமும் திருகிக்கொண்டது. அந்த ஊர் அதை இடிக்கவில்லை. தொடர்ந்து பராமரித்துக்கொண்டே இருக்கிறது. கோணல் கோபுரம்தான் இன்று அந்த ஊரின் அடையாளம்.

12 வருடக் கணக்கு எதற்கு?

நம் ஊரில் இதற்கான ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. 12 வருடத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்ற வழக்கத்தைக் கட்டடக் கண்ணோடு பார்த்தால், அது ஒரு பராமரிப்பு அட்டவணை. சாரம் கட்டி, ஆட்கள் உச்சி வரை ஏறி, விரிசலை அடைத்து, உடைந்த சுதையைச் சரிசெய்து, கலசத்தைப் புதுப்பித்து இறங்குவார்கள். சக்தி வாய்ந்த அரசர் ஒருமுறை கட்டிவிட்டுப் போனார். அதை நிற்க வைத்தது, பெயர் தெரியாத கொத்தனார்களும் சுதை வேலைக்காரர்களும் தலைமுறைக்கு இரண்டு முறை ஏறி இறங்கியதுதான்.

ஆனால், ஏறி என்ன செய்கிறார்கள் என்பது முக்கியம். பழைய கட்டுமானம் சுண்ணாம்பால் ஆனது. கடுக்காய், பனைவெல்லம் சேர்த்து அரைத்த சுண்ணாம்பு மெதுவாக இறுகும், வெயிலுக்கும் குளிருக்கும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், உள்ளே போன ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் என்ன ஆகும்? சிமென்ட் வளையாது, ஈரத்தையும் விடாது. உள்ளே மாட்டிய தண்ணீர் பழைய செங்கல்லை அரிக்கும். வெளியே பளிச்சென்று இருக்கும், உள்ளே இளகிக்கொண்டிருக்கும். கெட்டியான எனாமல் பெயின்ட்டும் இதே வேலையைத்தான் செய்யும். கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று மணலை வேகமாகப் பீய்ச்சி அடித்தாலோ, அழுக்கோடு சேர்ந்து கல்வெட்டு எழுத்தும் போய்விடும். ராஜசிம்மன் கோயிலை எடுத்தார், ரங்கபதாகை சந்நிதி கட்டினார், விக்கிரமாதித்தன் செல்வத்தைத் திருப்பிக் கொடுத்தார் என்றெல்லாம் நமக்குத் தெரிவது அந்த எழுத்துகளால்தான்.

ஆக, உபயதாரர்களுக்கு ஓர் உண்மை சொல்ல வேண்டும். புதிதுபோல ஜொலிக்கும் திருப்பணியைவிட, பழையபடியே நிற்க வைக்கும் திருப்பணிதான் கஷ்டமானது, புண்ணியமும் அதில்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது

அடுத்த முறை எந்தக் கோயிலுக்குப் போனாலும், கன்னத்தில் போட்டுக்கொண்ட பிறகு ஒரு நிமிடம் கூடுதலாக நிமிர்ந்து பாருங்கள். மொபைல் கேமராவில் ஜூம் செய்தால் இன்னும் நல்லது. பொம்மைகளுக்கு இடையே பச்சையாக ஏதாவது தெரிகிறதா? காகமோ மைனாவோ பழம் தின்று போட்ட எச்சத்தில் இருந்து முளைத்த அரச மரக் கன்று அது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால், செங்கல் கோபுரத்துக்கு அதைவிட மோசமான எதிரி குறைவு. இலை ஒரு கை அளவு இருக்கும்போதே வேர் காரைக்குள் முழ நீளம் போயிருக்கும். வேர் பருக்கப் பருக்க செங்கல் விலகும், விலகிய இடத்தில் மழைத் தண்ணீர் இறங்கும். வெறுமனே பிடுங்கினாலோ, மேலே மட்டும் வெட்டினாலோ போதாது. மறுபடி துளிர்க்கும். பிடுங்கும்போது செங்கல்லும் சேர்ந்து வந்துவிடலாம். வேரோடு முறையாக அழிக்கத் தெரிந்தவர்கள்தான் செய்ய வேண்டும்.

அதனால் நீங்களே ஏற முயல வேண்டாம். ஒரு போட்டோ எடுத்து, கோயில் அலுவலகத்தில் செயல் அலுவலரிடம் காட்டுங்கள். கயிலாசநாதர்போலத் தொல்லியல் துறை பராமரிக்கும் கோயில் என்றால், அங்கிருக்கும் ஊழியரிடம் சொல்லுங்கள். கன்றாக இருக்கும்போது அது ஒருநாள் வேலை. மரமான பிறகு, கோபுரத்துக்கே சாரம் கட்ட வேண்டியிருக்கும்.